எதுங்க போடட்டும்?

"எதுங்க போடட்டும்? ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணி வைங்கம்மா, நான் போய் ஒரு வாய் சாப்பிட்டு வந்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் கடை சவுந்தர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். என்னமோ சாம்பாரா ரசமா என்று கேட்டுவிட்டுப் போகிற மாதிரி. பரிமளம் புதுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தெர்மாகோல் துணுக்குகள் சேலையில் ஒட்டிக்கொண்டன, தட்டிவிட்டாள், கையில் ஒட்டிக்கொண்டன. மேசையில் இரண்டு பென்டிரைவ் கிடந்தன. கறுப்பு, சவுந்தருடையது, அதில் விண்டோஸ். சிவப்பு நூல் கட்டியது வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுடையது, அதில் லினக்ஸ். அவருடைய டிராயரைக் குடைந்து அவள்தான் எடுத்து வைத்தாள். எடுத்து வைத்தவள் ஏன் எடுத்து வைத்தாள், விண்டோஸ்தான் போடப்போகிறோம் என்று காலையில்கூட நினைத்துக்கொண்டுதானே இருந்தாள், பின்னே எதற்கு டிராயரைக் குடைந்தாள் என்று தெரியவில்லை. திரை கறுப்பாக இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது, மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. விண்டோஸோ லினக்ஸோ ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் போடாதவரைக்கும் கம்ப்யூட்டர் வெறும் தகர டப்பா என்று பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும்போது நாச்சிமுத்து பிள்ளைகளுக்குச் சொல்வாராம், சொல்லிவிட்டு டப்பாவைத் தட்டியும் காட்டுவாராம். உள்ளறையில் அந்த மனுஷன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிக்கொண்டிருந்தார். ஃபேன் சத்தத்துக்கு நடுவே மூச்சு கேட்கிறதா என்று பரிமளத்தின் ஒரு காது எப்போதும் அங்கேயே நிற்கிறது, பக்கவாதம் வந்த நாளிலிருந்து அப்படித்தான். குழாயடியில் நின்றாலும் சரி, பால்காரரிடம் பேசினாலும் சரி, ஒரு காது வீட்டுக்குள். இப்போது கேட்டது. சீராகத்தான் இருந்தது.

வலது கை போயிற்று, அது போனாலும் பரவாயில்லை, இடது கையால் சோறு அள்ளக் கற்றுக்கொண்டார், பல் தேய்க்கிறார், சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொள்கிறார். பேச்சுதான் போய்விட்டது. மிச்சம் இருப்பது "சரி சரி" ஒன்றுதான். தண்ணி வேணுமுங்களா, சரி சரி. வேண்டாமுங்களா, சரி சரி. கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் லேசில் சரி சொல்லாத மனுஷன், ஒரு சேலை நிறத்துக்குச் சரி சொல்ல அரைமணி நேரம் தர்க்கம் பண்ணுகிற மனுஷன், இப்போது எதைக் கேட்டாலும் சரி சரி. முதல் நாள் ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது, கடவுளுக்கு இப்படியும் ஒரு குசும்பா என்று. பிறகு கழிவறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். உள்ளே எல்லாம் இருக்குதுங்கம்மா, அவருக்கு எல்லாமே புரியுது, வார்த்தை வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்குது, விடாம பழக்குனா கொஞ்சம் கொஞ்சமா வரும், ஆனா இப்பவே பழக்கணும், நாளாக நாளாக கஷ்டம், என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ஷர்மிளா. அவளிடம் ஒரு பயிற்சி புரோகிராம் இருக்கிறது. திரையில் பெரிதாக ஒரு படம் வரும், வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு குரல் மெதுவாக வாளி என்று சொல்லும், கூடச் சொல்லவேண்டும், பிறகு குரல் நின்றுவிடும், நாமாகச் சொல்லவேண்டும். சலிக்காமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லும், பொண்டாட்டி மாதிரி எரிந்து விழாது. ஆனால் அது விண்டோஸில்தான் ஓடும். லினக்ஸில் வராதா என்று பரிமளம் கேட்டாள். வராதுங்கம்மா என்றாள் ஷர்மிளா, லினக்ஸ் என்றால் என்ன என்று கேட்காத குறையாக. ரெண்டையும் சேத்தே போட்டுக்கலாமுங்க, தொறக்கறப்ப எது வேணும்னு அதுவே கேக்கும் என்று சவுந்தர் வழி சொன்னார். அதற்கும் ஷர்மிளா தலையாட்டவில்லை. "தினமும் ஒரே மாதிரி தொறக்கணும்மா. ஒவ்வொரு தடவையும் இதா அதான்னு கேட்டுச்சுன்னா அவரு அங்கயே நின்னுக்குவாரு." பெங்களூரிலிருந்து மகள் நித்திலா இன்னும் ஒரு படி மேலே போய், "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? அப்பா பேசணுமா, வேண்டாமா?" என்று போனில் கத்தினாள். நியாயம்தான். யோசிக்க என்ன இருக்கிறது. பரிமளம் கறுப்புப் பென்டிரைவைக் கையில் எடுத்தாள், எடையே இல்லை, திரும்ப வைத்தாள்.

அவர் முதல் முதலில் லினக்ஸ் கொண்டுவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்று எப்படித் தெரியும் என்றால் அன்றைக்குக் கறிக்குழம்பு, குழம்பு ஆறிப்போகிற வரைக்கும் மனுஷன் வரவில்லை, வந்தவர் கையில் ஒரு சிடி, கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. சாப்பிடாமல் போய் உட்கார்ந்தார். அந்தக் காலத்து மானிட்டர், பின்பக்கம் தொப்பை போட்டது, சூடேறினால் தூசி வாசம் அடிக்கும், அந்த வாசம் இப்போதும் மூக்கில் வருகிறது, எங்கேயாவது பழைய ரேடியோவைத் திறந்தால் அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வரும். சாயங்காலத்துக்குள் விண்டோஸை வழித்துத் துடைத்துவிட்டு, "பரிமளம், இன்னையிலிருந்து நம்ம வீட்டுக்குச் சுதந்திரம்" என்றார். எனக்கு ஊட்டிக்குப் போக டிக்கெட் பார்க்கணும், சுதந்திரத்தை அப்புறம் வெச்சுக்கலாம் என்றாள் அவள். டிக்கெட் பார்க்க முடியவில்லை. இன்டர்நெட்டுக்கு மோடம் கீச்சென்று கத்தும், அந்தக் கத்தலும் நின்றுபோயிற்று, அதைத் திரும்பக் கத்தவைக்க அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. பிரிண்டர் அதோடு முகம் கொடுத்தே பேசவில்லை. மின்வாரிய ஆபீசில் அவள் மேசையில் இருந்த கம்ப்யூட்டர் சொன்ன பேச்சுக் கேட்கும், வீட்டில் இருப்பது வீட்டுக்காரர் பேச்சை மட்டும்தான் கேட்கும். எத்தனை சண்டை. நித்திலா வீட்டில் செய்துகொண்டுபோன பாடவேலை எல்லாம் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிந்து, வகுப்பில் டீச்சர் சிரித்து, பிள்ளை அழுதுகொண்டு வந்தபோது நடந்ததே, அது சண்டை. ஊரே ஒண்ணு வெச்சிருக்குது, உங்களுக்கு மட்டும் என்னங்க வேற ஒண்ணு என்று கேட்டால், ஊரே வெச்சிருக்குதுங்கிறதுதான் பரிமளம் பிரச்சினையே என்பார். விண்டோஸின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க விடமாட்டார்கள், லினக்ஸை யாரும் திறந்து மாற்றிக்கொள்ளலாம், பூட்டுப் போட்ட வீட்டில் வாடகைக்கு இருக்கமாட்டேன் என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பேசுவார், என்னமாய்ப் பேசுவார். வடவள்ளி பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத ஆளை நிறுத்தி வைத்துப் பேசுவார், பஸ்ஸைத் தவற விட்டவர்கள் உண்டு.

அப்புறம்தான் அந்தத் தமிழ் வேலை. கம்ப்யூட்டரில் வருகிற சொல்லை எல்லாம் தமிழில் மாற்றுகிறோம் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது, சம்பளம் கிடையாது, சாப்பாடு பரிமளம் கையால். முன்னறையில் ஆறேழு பேர் உட்கார்ந்து ஒரு சொல்லுக்கு ஒரு மாதம் அடித்துக்கொள்வார்கள். உள்ளே உப்புமா தீய்கிற வாசம் வந்தாலும் ஒருத்தரும் எழுந்திருக்கமாட்டார்கள். சொல் மட்டும்தான் கையில் வரும், அது கம்ப்யூட்டரில் எந்த மூலையில் வரப்போகிறது என்று தெரியாது, அதனால் நடந்த கூத்து ஒன்றிரண்டல்ல. டிஸ்க்கில் இவ்வளவு இடம் காலி என்பதற்கு இங்கிலீஷில் ஃப்ரீ என்று இருந்த இடத்தில் நாச்சிமுத்து "இலவசம்" என்று போட்டு, அது உலகம் பூராவும் போய்விட்டது. அன்றிலிருந்து ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம், "ஏனுங்க, மேல்தட்டுல கொஞ்சம் எடம் இலவசமா இருக்குதுங்க, தயிரை வைக்கட்டுங்களா" என்று அவள் கேட்பாள். முதலில் முறைப்பார், பிறகு தோள் குலுங்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்புச் சத்தம் அவளுக்கு இப்போது வேண்டும். இப்போதும் சிரிக்கிறார், சத்தம் வருவதில்லை. நித்திலா கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குள் தேங்காயோடு லினக்ஸ் சிடியும் போட்டே தீருவேன் என்று நின்றாரே, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாளே. போட்டார். சம்பந்தியம்மா அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ப் பப்பாளி மரத்தில் கட்டிவிட்டார், வெயிலுக்குப் பளபளவென்று ஆடும், காக்காய் பழத்தைக் கொத்த வராதாம். மறுவீட்டுக்குப் போனபோது நாச்சிமுத்து அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தார். திரும்பி வரும்போது காரில், "எப்படியோ, உபயோகப்படுதுல்ல" என்றார். நல்ல மனுஷன்தான். பிடிவாதம் பிடித்த நல்ல மனுஷன். ஒருநாள் அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, "பரிமளம், லோடிங்னு வருதே, அதுக்கு என்ன போடலாம்? ஏற்றப்படுகிறதுன்னு சொல்றாங்க, லாரிக்குச் சொல்ற மாதிரி இருக்குது" என்றார். அவள் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள், அவசரம். "கொஞ்சம் இருங்கன்னு போடுங்க" என்றாள். அவரைத்தான் சொன்னாள், வதங்கட்டும், கொஞ்சம் இருங்கள் என்று. அவர் அதை அப்படியே போட்டுவிட்டார். அடுத்த தடவை அந்தக் கூட்டத்தார், இது பேச்சுவழக்கு, ஆகாது என்று எடுத்துவிட்டார்கள், இவர் மட்டும் சண்டைபோட்டுத் தோற்று, தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இந்தச் சிவப்பு நூல் பென்டிரைவிலும் மட்டும் அதை வைத்துக்கொண்டார். உலகத்திலேயே மரியாதை தெரிந்த கம்ப்யூட்டர் நம்முடையதுதான் பரிமளம் என்பார். எத்தனை வருஷம் எழுந்ததும் திறந்தால், கொஞ்சம் இருங்க. அவள் அதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்திருக்கிறாள். பிடிக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அவளை உறுத்துவது ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து இங்கேதான் நிற்கிறது. விண்டோஸ் வேண்டும் வேண்டும் என்று கேட்டது அவள். கடைசியில் ஒருநாள், கேஸ் சிலிண்டர் பதிவு பண்ண முடியாமல் போன ஆத்திரத்தில், உங்களுக்கு ஒண்ணு ஆனா மொத வேலையா நான் விண்டோஸைத்தான் போடப்போறேன் என்று சொன்னதும் அவள்தான். விளையாட்டுக்குத்தான். அவரும், "அப்ப நான் நல்லாத்தான் இருக்கோணும்" என்று சிரித்தார். இப்போது அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தால் என்ன நினைப்பார்? வாய் அடைத்துப் போகட்டும் என்று காத்திருந்து தன் இஷ்டத்தைச் சாதித்துக்கொண்டாள் என்றுதானே. நினைத்தாலும் அவரால் சொல்ல முடியாது. சரி சரி என்பார். அந்தச் சரி சரியை அவளால் எப்படித் தாங்கமுடியும்? காலையில் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டுப் பார்த்தாள், விண்டோஸ் போடட்டுங்களா, சரி சரி, லினக்ஸே இருக்கட்டுங்களா, சரி சரி. கண்ணைப் பார்த்தாள். கண் ஜன்னலைப் பார்த்தது. சரி, லினக்ஸே போடுகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். அதிலும் பயம் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் கருகிச் சாவதற்கு முன்னால் ஒருநாள் அவரை அதன்முன் உட்காரவைத்தாள். இடது கையை மவுஸில் வைத்துவிட்டாள். அவர் ஒரு மெனுவைத் திறந்தார். வரிசையாக அவர் போட்ட சொற்கள், அவர் ஒரு மாதம் சண்டைபோட்டுப் போட்டவை. பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு அசைந்தது. வாசிக்கிறாரா, வாசிக்க முடியவில்லையா, இதை எழுதியது தான்தான் என்று தெரிகிறதா, தெரியவில்லையா. கேட்டால் சரி சரி. மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். தன் கையெழுத்தைத் தானே அடையாளம் தெரியாமல் பார்ப்பவரை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது. ஒருவேளை தெரிந்திருந்தால், தெரிந்தும் வாய்க்கு வரவில்லை என்றால், அது இன்னும் மோசம் இல்லையா. இல்லை, தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்காது. ஷர்மிளாதான் சொன்னாளே, எல்லாம் உள்ளே இருக்கிறது என்று. உள்ளே இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்க்கும்போது அவர் வீட்டை இன்னொருத்தருக்குக் கொடுப்பது எப்படி. வாளிக்கும் பூட்டுக்கும் அட்டையில் படம் வரைந்து அவளே சொல்லிக்கொடுத்தால் என்ன, நித்திலாவுக்கு அவள்தானே சொல்லிக்கொடுத்தாள். எரிந்து விழாமல் சொல்லிக்கொடுக்கட்டும், இனிமேலாவது. நாளானால் கஷ்டம் என்றாள் அந்தப் பெண். ஆகட்டும். முப்பது வருஷம் பேசியாயிற்று, சண்டையும் போட்டாயிற்று. பேசாவிட்டால் என்ன, பக்கத்தில் இருக்கிறாரே. இப்படி நினைத்ததும் அழுகை வந்தது, ஏனென்றால் அது பொய். பேசாவிட்டால் வீடு தாங்கவில்லை. சமையலறையில் அவளே தனக்குத்தானே கேள்வியும் பதிலும் பேசிக்கொள்கிறாள், அவர் குரலில் பேசிக்கூடப் பார்த்திருக்கிறாள். இருந்தாலும் முடிவு பண்ணிவிட்டாள். லினக்ஸ்தான். கறுப்புப் பென்டிரைவைத் தள்ளி வைத்தாள்.

கட்டில் முனகியது. ஒரு காலை இழுத்து வைக்கிற சத்தம், கைத்தடி, மறுபடி கால். பரிமளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். நாச்சிமுத்து புதுத் திரையைப் பார்த்தார். கீபோர்டை இடது கையால் ஒரு தடவு தடவினார். இரண்டு பென்டிரைவையும் பார்த்தார். அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது, சவுந்தர் கர்ச்சீப்பில் வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"வாங்க சார், எந்திரிச்சுட்டீங்களா. என்னங்கம்மா, முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டனுங்க" என்றாள் பரிமளம். "அவரோடதையே போட்டுடுங்க. லினக்ஸு."

நாச்சிமுத்து கையை நீட்டிச் சிவப்பு நூல் கட்டிய பென்டிரைவை எடுத்தார். பரிமளத்துக்கு உடம்பு லேசாயிற்று; நல்லவேளை, நாம் நினைத்ததையே அவரும் நினைக்கிறார். வாங்கிக்கொள்ள சவுந்தர் கையை நீட்டினார். நாச்சிமுத்து கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அதே கையால் கறுப்புப் பென்டிரைவை மேசைமேல் மெல்ல நகர்த்தி, சவுந்தர் பக்கம் தள்ளினார்.

"ஏனுங்க, அது விண்டோஸுங்க" என்றாள் பரிமளம்.

"சரி சரி."

"தெரியாம தள்ளறாருங்க" என்று சவுந்தரிடம் சொல்லிவிட்டு, அவர் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, இரண்டையும் இடம் மாற்றி வைத்தாள். "நல்லா பாருங்க. இது உங்களுது. இது அவரு கொண்டாந்தது. உங்களுக்குப் புடிச்சதே இருக்கட்டுமுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. அட்டையில படம் போட்டு நானே சொல்லிக்குடுக்கறேன்."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. பழைய கோபம், அப்படியே, புருவம் ஒன்று மட்டும் ஏறுகிற கோபம். அவள் மாற்றி வைத்ததைப் பார்த்தார். தன்னுடையதை மறுபடி எடுத்துப் பைக்குள் போட்டார். கறுப்பை எடுத்து இந்தத் தடவை சவுந்தரின் கையிலேயே வைத்து விரல்களை மடக்கினார். பரிமளம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். ஒரு விரலால் தன் உதட்டைத் தொட்டார். அதே விரலால் அவளைக் காட்டினார். மறுபடி உதடு, மறுபடி அவள். புரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, புரிகிறவரைக்கும் விடமாட்டேன் என்கிற மாதிரி, முன்பெல்லாம் பஸ் ஸ்டாப்பில் ஆளை நிறுத்திவைத்துப் பேசுவாரே, அந்தப் பிடிவாதத்தோடு.

பரிமளம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவர் ஒரு தடவையாவது விட்டுக்கொடுக்கமாட்டாரா என்று காத்திருந்தவள்தான். விட்டுக்கொடுத்துவிட்டார், அதுவும் அவளோடு பேசுவதற்காக. அவளுக்கு அழுகையை அடக்கமுடியவில்லை, அடக்கவும் இல்லை.

சவுந்தருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா... எதுங்க போடட்டும்?"

"அவருதான் சொல்லீட்டாருங்களே" என்றாள் பரிமளம். "அதையே போட்டுடுங்க."